பத்து என்று எழுதியிருந்தது

கால்மேல் விழுந்திருந்தால் இந்நேரம் கட்டைவிரல் போயிருக்கும் என்றுதான் பலவேசம் முதலில் நினைத்தான். பத்துக் கிலோ. நாற்பதில் முப்பத்தோராவது தடவை கையை மடக்கும்போது வியர்வையில் எடையின் பிடிக்குழாய் வழுக்கி, அது கையை விட்டுப் போய், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் மோதிக் கீழே விழுந்தது. அவன் பின்னால் துள்ளினான். துள்ளியவன் கால் இரண்டையும் பார்த்தான், பத்து விரலும் பத்திரமாக இருந்தன, அதற்கப்புறம்தான் எடையைப் பார்த்தான். குழாயின் ஒரு பக்கத்து உருண்டை பிளந்து கிடந்தது. சிமெண்டு உடைந்தால் உள்ளேயும் சிமெண்டுதான் இருக்கும், மிஞ்சிப் போனால் நாலு ஜல்லி தெரியும். இதற்குள் வெள்ளையாக இருந்தது. தேங்காய் உடைத்த மாதிரி ஓரத்தில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறம், நடுவில் முழுக்க வெள்ளை. காற்று அடித்ததும் அந்த வெள்ளையிலிருந்து சின்னச் சின்ன மணியாகக் கழன்று தரையில் ஓடியது. தெர்மாகோல். புது ஃபிரிட்ஜ் வாங்கினால் பெட்டிக்குள் மூலைக்கு மூலை வைத்திருப்பார்களே, அது. பலவேசம் குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தான். கட்டை கட்டையாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, சணல் போட்டுக் கட்டி, மேலே சிமெண்டைப் பூசியிருந்தது. அவசரத்தில் செய்த வேலை இல்லை. வெட்டிய ஓரமெல்லாம் நேராக இருந்தது. ஐந்தாறு மணிகள் வியர்த்த கையில் ஒட்டிக்கொண்டன, தட்டினால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போயினவே தவிர விழவில்லை. பிளந்த உருண்டையின் மேல், ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறிய எழுத்து உடையாமல் அப்படியே இருந்தது. பத்து. அப்பாவின் எழுத்து.

கடையில் வாங்கியதாக இருந்தால் கடைக்காரனைத் திட்டலாம். கடையில் வாங்கவில்லை. சங்கிலிக் கொத்தனார் தன் மகனுக்காகத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தது. ஆலங்குளத்துச் சுற்றுவட்டாரத்தில் கலவை விஷயத்தில் சங்கிலியை ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. இதைப் பலவேசம் சொல்லவில்லை, ஊரே சொல்லும். ஒரு காண்ட்ராக்டர் மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைத்துக் கலக்கச் சொன்னான் என்று, ஊற்றி முடித்த ஜன்னல் சன்ஷேடை மறுநாள் தானே சம்மட்டி எடுத்து இடித்துவிட்டு வந்த மனுஷன். அந்த வேலை அத்தோடு போயிற்று, அம்மா ஒரு வாரம் பேசவில்லை. புதுச் சுவரைக் கரண்டிக் காம்பால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே காலியாக இருக்கிற இடத்தை விரலை வைத்துக் காட்டுவார். அப்படிப்பட்ட ஆள் உள்ளே காலியாக ஒன்றைச் செய்து மகன் கையில் கொடுப்பாரா. கொடுக்க மாட்டார். அப்படியென்றால் வேறு யாரோ மாற்றி வைத்திருக்க வேண்டும். யார் வந்து மாற்றுவார்கள், இது என்ன கோயில் சிலையா. பலவேசத்துக்கே சிரிப்பு வந்தது. இல்லாவிட்டால் எடை குறைக்கிறதுக்காக இல்லை, பலத்துக்காக உள்ளே தெர்மாகோல் வைப்பார்களோ. பெரிய கட்டடங்களில் அப்படி ஏதோ வைப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஆனால் பலத்துக்கு வைத்தது ஒரு தடவை விழுந்ததும் இப்படியா பிளக்கும். நிஜமான பத்துக் கிலோ சிமெண்டு விழுந்தால் கைப்பிடிச் சுவர்தான் பிளந்திருக்கும். சுவரைப் பார்த்தான். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மணி பத்தரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அப்பா யாரோ வீட்டில் தளம் ஒழுகுகிறது என்று பார்க்கப் போயிருக்கிறார், பதினொன்றுக்குள் வந்துவிடுவார், வந்து கைகால் கழுவினதும் நேரே மாடிக்குத்தான் வருவார். ஞாயிறுதோறும் அதுதான் வழக்கம். பலவேசம் சட்டையில்லாமல் நிற்பான், கையை மடக்கிக் காட்டுவான், அப்பா பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "ஏறுதுய்யா" என்பார். தூக்குக்குண்டு போடாமலே ஒரு சுவர் அரை இஞ்சு சாய்ந்திருப்பதைக் கண்ணால் சொல்லிவிடுகிறவர் சொல்கிறார், ஏறுகிறது. பலவேசம் அதை நம்பித்தான் ஏழு மாதம் ஓட்டினான். கண்ணாடி அப்படிச் சொல்லவில்லை. கண்ணாடி எப்போதும் போல அதே பதினேழு வயசுப் பையனைத்தான் காட்டியது, நாற்பத்து மூன்று கிலோ, கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு குழிந்து மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் போல, கையை மடக்கினால் ஏதோ ஒரு இளநெல்லிக்காய் வந்து போகும். வகுப்பில் ஓணான் என்று பெயர். ஓணானாவது தலையை ஆட்டும், இவன் அதுவும் செய்ய மாட்டான். ஜிம்முக்குப் போக வெட்கம், அங்கே சட்டையைக் கழற்ற வேண்டும், கண்ணாடி வேறு நாலு பக்கமும் இருக்கும். போன் வீடியோவில் ஒரு தடியர் வந்து வீட்டிலேயே ஆம்ஸ் ஏற்றலாம், முட்டையும் நிலக்கடலையும் போதும், வாரத்துக்கு வாரம் எடையை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள் என்றார். எடைக்கு எங்கே போவது என்று சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு பலவேசம் முனகினபோது, அப்பா நிமிர்ந்து பார்த்து, "எடதான, நா ஊத்தித் தாரேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் தன் வயிற்றில் இறங்கிய குளிர்ச்சியை அவன் இன்றைக்கும் மறக்கவில்லை. கேட்காமலே கொடுத்தார். ஓணானுக்கு எதற்கு இந்த ஆசை என்று ஒரு சொல் சொல்லவில்லை.

முதலில் அஞ்சு. பெயிண்டு டப்பாவை அச்சாக வைத்து, நடுவில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகி, இரண்டு பக்கமும் ஊற்றி, பத்து நாள் தண்ணீரில் போட்டு எடுத்துத் தந்தார். அப்புறம் கார்த்திகை மாதத்தில் எட்டு, அது அஞ்சைவிடப் பெரிய டப்பா. அப்புறம் தை முடிகிற சமயம் பத்து, அது அதைவிடப் பெரிது. ஒவ்வொரு தடவையும் புதுசைக் கொடுத்ததும் பழைய ஜோடியை அப்பா வாங்கிக்கொண்டுவிடுவார். பழசைத் தொட்டால் கை சோம்பேறியாகிவிடும் என்று சொன்னார். பலவேசத்துக்கு அது எவ்வளவு பெரிய ஞானமாகப் பட்டது. போன் தடியர்கூட அப்படிச் சொல்லவில்லை, நம் அப்பா சொல்கிறார் பார் என்று பெருமைப்பட்டான். இப்போது அந்தப் பெருமையை எங்கே கொண்டு வைப்பது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்க விடாமல் செய்வதற்கு அதைவிட நல்ல வழி உண்டா. நெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு மணியை நகத்தால் கீறி எடுத்தான், அது நகத்தில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமையை நினைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக இருக்கிறான். இரண்டு நாளாக அதைத்தான் நினைக்கிறான். பள்ளிக்கூடத்தில் பளு தூக்குவதற்கு ஆள் எடுக்கிறார்கள், எடை குறைந்த பிரிவில் ஒருவரும் இல்லை என்று பி.டி. சார் தானியேல் வகுப்பில் வந்து கேட்டபோது, கையைத் தூக்கியது பலவேசம். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. "ஒனக்குப் பழக்கம் உண்டா?" என்றார் சார். "உண்டு சார். ரெண்டு கையிலயும் பத்துப் பத்து, நாப்பது தடவ அடிப்பேன் சார்." சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, உண்மையைச் சொல்லும்போது எதற்கு நடுங்க வேண்டும். சார் அவனை மேலும் கீழும் பார்த்தார், சந்தோஷமாகத்தான் பார்த்தார், விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார், பின்னாலேயே பன்னிரண்டு பேர் வந்தார்கள். கறுப்பு ரப்பர் போட்ட எடை, பக்கத்தில் பத்து என்று அச்சடித்திருந்தது. பார்க்கச் சின்னதாக இருந்தது, வீட்டில் இருப்பதில் பாதிகூட இல்லை, அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு அலட்சியம்கூட வந்தது. எடுத்தான். தரையோடு ஆணி அடித்து வைத்த மாதிரி இருந்தது. முழங்கை பாதிக்கு வந்து நின்றது, நடுங்கியது, தோள் தூக்கிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, இடுப்பை வளைத்துப் பார்த்தான், யாரோ "ஏ, ஓணான் குட்டி போடுதுல" என்றான். கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. தானியேல் சார் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் எடையை வாங்கி வைத்துவிட்டு, பையப் பக்கத்தில் வந்து, "எதுக்குடே பொய் சொல்லுத? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். நான் பொய் சொல்லல சார் என்று சொல்ல வாய் வந்தது. எதை வைத்துச் சொல்வது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்கு ஏதோ வியாதி என்று நினைத்தான். ரத்தம் குறைந்துவிட்டது, நரம்பு விட்டுவிட்டது, இல்லை அந்தப் பள்ளிக்கூட எடையில்தான் கோளாறு, யாரோ இருபதை எடுத்துப் பத்து என்று அச்சடித்துவிட்டார்கள். எல்லாரையும் சந்தேகப்பட்டான், தன் ரத்தத்தைக்கூடச் சந்தேகப்பட்டான், கொத்தனார் ஊற்றியதை மட்டும் சந்தேகப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடி இதைத் தூக்கிப் பார்த்தான், நாற்பது அடித்தான், உட்கார்ந்து அழுதான். அழுததற்குக் காரணம்கூடத் தெரியவில்லை அன்றைக்கு.

"எய்யா பலவேசம், கடலை ஊறிக் கெடக்கு, தட்டட்டில என்ன செய்த இவ்வளவு நேரம்" என்று கீழேயிருந்து அம்மாவின் சத்தம் வந்தது. அம்மா. அம்மாவுக்கும் தெரியும். எப்படி இதை இவ்வளவு நாள் நினைக்காமல் இருந்தான். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் அவன் படியேறி வரும்போது அம்மா மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள், வலது கையில் விளக்குமாறு, இடது கையால் இந்தப் பத்தை, ஏதோ செம்பைத் தூக்குகிற மாதிரித் தூக்கி ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உடனே விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, அடுத்ததை இரண்டு கையாலும் பிடித்து, "எம்மாடி, என்ன கனம் கனக்கு, எப்பிடித்தான் தூக்குதியோ" என்று முக்கினாள். பலவேசம் வெட்கப்பட்டுச் சிரித்தான். தள்ளும்மா என்று போய், அம்மாவிடமிருந்து அதை வாங்கி, வேண்டுமென்றே ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினான். இரண்டு பேரும் அவனை நடுவில் வைத்து நாடகம் போட்டிருக்கிறார்கள், அவனும் கூலி வாங்காமல் நடித்திருக்கிறான். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்து இதைப் பற்றி இருவரும் பேசியிருப்பார்களோ. சிரித்திருப்பார்களோ. சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை போல இருந்தது. பாவம் என்று சொல்லியிருப்பார்கள், அதை நினைக்கும்போதுதான் காது சூடாகிறது.

முதல் ஜோடி எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். ஒன்றை அப்பா கொண்டுபோய்விட்டார், இன்னொன்று இதே மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நாலு மாதமாகக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. பழசைத் தொட்டால் கை சோம்பேறியாகும் என்று அதை விரலால்கூடத் தொட்டதில்லை, அவ்வளவு நல்ல பிள்ளை. எழுந்து போனான். தொட்டிக்கும் அவனுக்கும் ஏழெட்டு அடி இருக்கும், அதற்குள் இரண்டு தடவை நின்றான். தூக்கிப் பார்க்காமல் இருந்துவிடலாம். உடைந்தது ஒன்றுதான், இன்னொரு பத்து முழுசாக இருக்கிறது, அது நிஜமாக இருக்கலாம், ஒன்றுக்கு மட்டும் சிமெண்டு பற்றாமல் போயிருக்கலாம். இப்படியே விட்டால் அதை நம்பிக்கொண்டாவது இருக்கலாம். ஆனால் கை அதற்குள் மூடிமேல் இருந்ததை எடுத்துவிட்டது. இடது கையில் அஞ்சு, அளவில் சின்னது, பாசி பிடித்திருந்தது. திரும்பி வந்து வலது கையில் உடையாத பத்தை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரண்டு கையும் ஒரே அளவுக்குத் தொங்கின. கை மாற்றிப் பார்த்தான். கண்ணைத் திறந்தால் ஒன்று பெரிது ஒன்று சிறிது, மூடினால் இரண்டும் ஒன்று. மளிகைக்கடைத் தராசில் வைத்துச் சரிபார்த்த மாதிரி அவ்வளவு துல்லியம். தொழில் சுத்தம் என்றால் இதுவல்லவா என்று ஒரு கசப்பு வாயில் ஊறியது.

எட்டு வயதில் அப்பா அவனைத் தோட்டத்துக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார். வயிற்றுக்கு அடியில் அவருடைய உள்ளங்கை, சிமெண்டு தின்று சொரசொரப்பான கை. அடி, அடி, காலை அடி என்பார். திடீரென்று "கைய எடுத்து ரொம்ப நேரமாச்சுய்யா, நீயாத்தான் நீந்துத" என்றார். பயத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் எட்டி அக்கரைப் படியைப் பிடித்தது பலவேசம்தான். தானே பிடித்தது. அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். கையை எடுத்திருந்தாரா. தண்ணீருக்குள் யார் பார்த்தார்கள். ஒன்பதாவதில் கணக்கில் எழுபது வாங்கியதற்கு "மூளைக்காரன்டே" என்றாரே, அதுவும் இந்தத் தெர்மாகோல்தானா. கிணற்றைத் தோண்டப் போனால் இனி எத்தனை தோண்ட வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது, தோள் எரிந்தது, தரையில் வெள்ளை மணிகள் காற்றுக்கு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எறும்புக் கூட்டம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் எட்டு? அந்த நினைப்பு வந்ததும் பலவேசம் நிமிர்ந்து நின்றான். எட்டு பொய்யாக இருக்க முடியாது. எட்டு கனத்தது. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கை மறக்காது. அஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மூச்சில் நாற்பது அடித்தவன், எட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தடவை மடக்கியதும் கீழே வைக்க வேண்டியதாயிற்று. எடுக்கிறான், மடக்குகிறான், தொப்பென்று வைக்கிறான். ஆறு தடவைக்கு மேல் ஓடவில்லை. திங்கட்கிழமையும் அப்படி. புதன்கிழமை ராத்திரி கை சோற்றைப் பிசைய மறுத்தது. வியாழக்கிழமை சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வேண்டாவெறுப்பாக மாடியேறி, இன்றைக்கும் முடியாது என்று தெரிந்துகொண்டே கையை வைத்தான். வந்தது. மடங்கியது. கீழே வைக்கவில்லை. இரண்டு, மூன்று, பத்து. இருபதில் சிரிக்க ஆரம்பித்தான், தனியாக மாடியில் நின்றுகொண்டு பைத்தியம் மாதிரி. நாற்பது. ஒரே நாளில் சதை பிடித்துக்கொண்டது, போன் தடியர் சொன்னாரே, திடீரென்று ஒரு நாள் உடம்பு திறந்துகொள்ளும் என்று, திறந்துகொண்டது. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போய் அப்பாவிடம் நாற்பது என்றான். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "விடாமச் செஞ்சா வரும்னு சொன்னம்லா" என்றார். பதினேழு வருஷத்தில் அதைப்போல ஒரு நாள் பலவேசத்துக்கு வாய்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்காமல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கிடந்தான். அந்த எட்டு பொய்யென்றால் நாலு நாள் எப்படிக் கனத்திருக்கும்? தெர்மாகோல் கனக்குமா? ஆக எட்டு நிஜம். பத்து மட்டும்தான் பொய். நிஜமான எட்டை ஒரே நாளில் ஜெயித்தவன் அவன், அது அவன் செய்தது, யார் கையும் அடியில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பத்து அவனுக்கு முடியவில்லை, சரி, எட்டில் நின்றவனுக்குப் பத்து முடியாதுதானே, நியாயம்தானே. தானியேல் சாரிடம் போய்ச் சொல்லலாம், சார், பத்து இல்லை, எட்டு சார், எனக்கே தெரியாமல் போயிற்று. கணக்கு ஒட்டிக்கொண்டது.

அப்பா படியேறி வரும் சத்தம் கேட்டது. வந்தவர் மேல்படியிலேயே நின்றார். முதலில் அவர் பார்த்தது மகனுடைய பாதங்களை, அப்புறம் பிளந்து கிடந்ததை, அப்புறம் மூடியில்லாமல் திறந்து கிடந்த தொட்டியை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குந்தி உட்கார்ந்து, வெள்ளை மணிகளைக் கூட்டிச் சேர்க்கப் பார்த்தார். சேரவில்லை.

"கால்ல கீல்ல படலையே?"

"படல."

"வெயில்ல நிக்காத, நெழலுக்கு வா."

"எப்பா, எட்டு நெசந்தான?"

அப்பா துண்டைக் கீழே வைத்தார். "எந்த எட்டு?"

"கார்த்திகைல தந்தீங்கள்லா. நாலு நாளு என்னால தூக்க முடியல. அது நெசம். இதுதான் பொய். அப்படித்தான?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் கெஞ்சுவது அவனுக்குக் கேட்டது.

"நெசமான எட்டுதான்யா" என்றார் அப்பா.

பலவேசத்துக்கு அது போதும். அப்படியே கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அப்பா எழுந்திருக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம தந்தது நெசமான எட்டு. கூட்டணும்னுதான் ஊத்துனேன், உள்ளதச் சொல்லுதேன். நீ இங்க கீழ வைக்க சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும். ஆறு தடவ கேட்டுது. நீ கீழ வந்து நாப்பதுன்ன. திங்கக்கெழம ஆறு. செவ்வாக்கெழம அஞ்சு. புதன்கெழம மூணோட நின்னு போச்சு. அன்னைக்கும் நாப்பதுன்ன. மொகத்தப் பாத்தா விட்டுட்டுப் போயிருவ போலத் தெரிஞ்சுது." அப்பா தரையில் கிடந்த ஒரு மணியை விரலால் நகர்த்தினார். "திங்கக்கெழம ராத்திரியே ஒரு சோடி ஊத்தி வச்சிருந்தேன், வியாழக்கெழம மத்தியானம் வேலைலருந்து வந்து மாத்தி வச்சேன். அதுவும் எட்டுன்னே எழுதி. உள்ள கனம் அஞ்சுதான்."

நாற்பது என்று அவன் சொன்ன நாலு நாளும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சோற்றை உருட்டி வாயில் போட்டிருக்கிறார். பலவேசத்துக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கம் வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் சொன்னது நாலு நாள் பொய். வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டது அவர். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிய அந்தப் பையனை, சிரித்துக்கொண்டே இருபது முப்பது என்று எண்ணியவனை, ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை, அத்தனை பேரையும் மத்தியானம் ஒரு நடை வந்து அப்பா ஏமாற்றியிருக்கிறார். விடாமல் செய்தால் வரும் என்று வேறு சொன்னாரே. அதை எப்படி வாய் கூசாமல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று அவமானப்பட்டதுகூட இப்போது சின்னதாகத் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்துல சாரு என்னப் பொய்யன்னுட்டாரு" என்றான். "பத்து தூக்குவேன்னு சொன்னேன்."

அப்பா நிமிர்ந்தார். அந்தச் செய்தி அவருக்குப் புதுசு.

"நாஞ் சார்ட்ட வந்து சொல்லுதேன்" என்றார். "நாந்தான் செஞ்சேன்னு சொல்லுதேன்."

"வேண்டாம்."

"புதுசா ஊத்துவோம்யா. அஞ்சுலருந்து அஞ்சரை, ஆறு, பையப் பையக் கூட்டுவோம். இந்தத் தடவ..."

"நீங்க ஊத்த வேண்டாம். நானே ஊத்திக்கிடுதேன். கலவை எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அப்பா எழுந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வேலையில் சித்தாளுக்குச் சொல்கிற அதே குரலில் சொல்ல முயன்றார். "ஒரு பங்கு சிமெண்டு. ரெண்டு பங்கு மணலு. நாலு பங்கு சின்ன ஜல்லி. தண்ணி கொஞ்சமா விடணும்."

"நெசமாவா?" என்று கேட்டான் பலவேசம்.

வேண்டுமென்று கேட்கவில்லை. அது தானாக வந்துவிட்டது, வந்தபின் திரும்ப எடுக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. அப்பா இருபத்தெட்டு வருஷமாகக் கலவை போடுகிறார், அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பிறகு, முன்பின் தெரியாத வீட்டுக்காரரிடம் சொல்வது போல, ஒவ்வொரு விரலாக மடக்கி, மெதுவாக முதலிலிருந்து திரும்பவும் சொல்ல ஆரம்பித்தார்.